கிச்சிலி இல்லாத கிச்சிலிச் சாதம்

வெகு காலத்துக்கு முன்னே, மலையடிவாரத்து நாடொன்றில் ராணிக்கு மசக்கை வந்தது. மூன்று நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. "கிச்சிலிப் பழச் சாதம் இருந்தால் ஒரு வாய் சாப்பிடுவேன்" என்றாள். மலைப்பாதை சரிந்து கிடந்ததால் மலையில் விளையும் அந்த ஆரஞ்சு ஊரில் ஒன்றுகூட இல்லை. மடைப்பள்ளியில் எலுமிச்சையைப் பிழிந்து கொடுத்துப் பார்த்தார்கள். புளிப்பு தாங்காமல் ராணி துப்பிவிட்டு அழுதாள்.

அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. "உச்சிப்பொழுதுக்குள் கிச்சிலிச் சாதம் வரவேண்டும். கிச்சிலி இருக்க வேண்டிய இடத்தில் வேறு பழத்தை வைப்பவன் தலை, கழுத்தில் இருக்காது!"

சபையில் அமைச்சர் மருதவாணர் எழுந்தார். விகடகவி குழைக்காதனை அவருக்கு எப்போதுமே ஆகாது. "முடியாததை முடிப்பவர் நம் குழைக்காதர்தானே, மகாராஜா! அவரிடமே ஒப்படையுங்கள்."

"அப்படியே ஆகட்டும்."

குழைக்காதன் சிரித்தபடிதான் வணங்கினான். வெளியே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டான்.

மடைப்பள்ளியில் சமையற்காரி உமையாள் தலையில் கைவைத்தாள். "ஐயா, இருக்கிறது சாத்துக்குடியும் நாரத்தையுந்தான். சாத்துக்குடியில இனிப்பு உண்டு, புளிப்பு பத்தாது. நாரத்தை புளிக்கும், கூடவே கசக்கும். ரெண்டையும் பக்குவமாச் சேர்த்தா கிட்டத்தட்ட வரும். ஆனா தலை போயிடுமே!"

"கிச்சிலி வைக்கிற தட்டு எது?"

அவள் பரண்மேல் இருந்த செப்புத்தட்டைக் காட்டினாள்.

"அதில் மட்டும் எதையும் வைக்காதே. நீ சமை."

மூன்று சாத்துக்குடிக்கு அரை நாரத்தை என்று பிழிந்தாள். கசக்கும் வெள்ளைப் பகுதி வராமல் மேல்தோலை மட்டும் சீவி நெய்யில் வதக்கினாள். துளி வெல்லம் சேர்த்தாள். அரிவாள்மணையில் அவள் விரல் இரண்டு தடவை வெட்டுப்பட்டது. குழைக்காதன் ஒரு பருக்கையை வாயில் போட்டான்.

"எனக்கு ருசியே தெரியவில்லையே, உமையாள்!"

"நாக்கு இப்படி வறண்டு கிடந்தா எப்படித் தெரியும், ஐயா?"

உச்சிப்பொழுதுக்கு முன்பே சாதம் சபைக்கு வந்தது; ராணி முதல் கவளத்தை விழுங்கினாள். எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். இரண்டாவது கவளம். அதுவும் உள்ளே தங்கியது.

"மகாராஜா!" மருதவாணர் துள்ளி எழுந்து விரலை நீட்டினார். "ஆள் விட்டுப் பார்த்தேன். குப்பையில் கிடப்பவை சாத்துக்குடிச் சக்கையும் நாரத்தைச் சக்கையும்!"

அரசரின் கை வாளுக்குப் போனது. குழைக்காதன் மேல்துண்டுக்குள்ளிருந்து செப்புத்தட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"கிச்சிலி இருக்க வேண்டிய இடம் இதுதான், மகாராஜா. இதில் வேறு எந்தப் பழத்தையும் வைக்கவில்லை."

"சாதத்தில் இருப்பது?"

"சாறும் தோலுந்தான், மகாராஜா. தாங்கள் தடுத்தது பழத்தை."

வாள் பாதி உருவியபடி நின்றது. அப்போது ராணி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இது கிச்சிலி அல்ல என்று முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

அரசர் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வாள் உறைக்குள் விழுந்தது. "கேள் குழைக்காதா, என்ன வேண்டும்?"

"உட்கார ஓர் இடம், மகாராஜா. கால் நிற்க மாட்டேன் என்கிறது."

அரசர் சுற்றிலும் பார்த்தார். சபையில் காலியாக இருந்தது ஒரே ஓர் ஆசனம். நீட்டிய விரலை இன்னும் மடக்காமல் மருதவாணர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அதில் உட்கார்" என்றார் அரசர். "இன்றைக்கு மட்டுமல்ல."