வழுக்கைக்கு ஒரு ஆல்தோ

கல்யாணத் தரகர் சங்கரலிங்கத்துக்கு வாய்தான் மூலதனம். எமனையே மாப்பிள்ளையாக் கூட்டிட்டுப் போனாலும், "நிரந்தர வேலை, ஊரே பயப்படும்"னு சொல்லி முடிச்சுட்டு வந்துருவாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு வழுக்கத் தலையில மாட்டிக்கிட்டாரு.

மாப்பிள்ளை ராஜகுரு தங்கமான பையன். முடிதான் இல்ல. தரகர் டோப்பா மாட்டிவிட்டாரு. போன தடவ, பொண்ணு வீட்டு ஃபேன் அதத் தூக்கிக் கேசரித் தட்டுல வச்சிருச்சு. சம்பந்தம் அதோட போச்சு.

"இதுவும் கெட்டா எனக்குக் கல்யாணமே வேண்டாம்ணே"ன்னுட்டான் பையன்.

இப்ப வந்திருக்கது கனடாப் பொண்ணு. இங்கிலீஷ் மட்டுந்தான் பேசும். சாயங்காலம் வீடியோவுல பேசணும். தரகர், தனக்குச் சும்மாவே இங்கிலீஷ் சொல்லித்தர்ற, தன் மக வயசுள்ள ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கு ஓடுனாரு.

"டீச்சர், 'இருந்தாலும்'னு சொல்ல ஆல்தோன்னு ஒண்ணு இருக்காமே, அத எங்க போடணும்? நல்லவன், வேலைக்காரன்னு எல்லாஞ் சொல்லிட்டு, கடைசியா லேசா 'ஆல்தோ வழுக்கை'ன்னு முனங்கிட்டு லைனக் கட் பண்ணிரவா?"

டீச்சர் உள்ள போய் டீ கொண்டாந்து குடுத்தாங்க.

தரகர் ஒரு மடக்கு இழுத்தாரு. "ஆத்தாடி!" உதட்டுல சுருக்குன்னுச்சு. கிளாஸ் விளிம்பு ஒடஞ்சிருந்துச்சு. டீச்சர் அதக் கட்டவிரலால மறச்சுல்ல குடுத்திருக்காங்க!

"ஃபீஸ் கேக்காமச் சொல்லித்தர்றப்பவே நெனச்சேன், கொல்லப் பாக்குறீங்களா?"

டீச்சர் கிளாஸ வாங்கித் திருப்பிக் காட்டுனாங்க.

"இந்தா, இங்க ஒடஞ்சிருக்கு அண்ணாச்சி. இப்பக் குடிங்க."

மறுபக்கமா வாய வச்சாரு. அருமையான இஞ்சி டீ.

"அப்ப ஆல்தோவ மொதல்லயே போட்டுரணுங்கிறீங்க."

"ம்."

"அடுத்து, 'ஆனா'ங்கிறதுக்கு ஒரு 'பட்' போடணுமா?"

"ஒடஞ்சதத்தான் மொதல்லயே காட்டியாச்சே, பெறகு 'பட்' எதுக்கு? டீயக் குடிங்க."

சாயங்காலம் தரகர், டோப்பாவக் கழட்டச் சொல்லிட்டு ஃபோன நிமித்துனாரு. "ஆல்தோ பாய் நோ ஹேர், வெரி குட் பாய்!"

ராஜகுரு கண்ண மூடிக்கிட்டான்.

பொண்ணு கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு. அதுவும் ஒரு ஆல்தோவ எடுத்துவிட்டுச்சு: அது விடுற குறட்டையில பக்கத்து வீட்டு நாயே எந்திரிச்சுருமாம். பையன் அப்பதான் கண்ணத் திறந்தான்.

மறுநாள் தரகர் ஜாங்கிரியோட வந்து நின்னாரு.

"முடிஞ்சிருச்சு டீச்சர்! அந்த ஒடஞ்ச கிளாஸத் தூக்கிப் போடுங்க. புதுசு வாங்கித் தர்றேன்."

டீச்சர் அதே கிளாஸுல டீ ஊத்தி நீட்டுனாங்க.

"எதுக்கு அண்ணாச்சி? எந்தப் பக்கம் குடிக்கணும்னுதான் தெரிஞ்சுபோச்சே."