வெட்டப்படாத வடம்

வடத்துக்கு முதலில் துரோகம் செய்தது சுக்கான். திசைகாட்டி அதற்கு அடுத்தது. இந்த வரிசையை வடம் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், ஒரு துறைமுகத்தில், விசைப்படகுகள் எல்லாம் பக்கம் பக்கமாகக் கட்டிக் கிடந்தன. கரையை ஒட்டிய படகு தூணோடு கட்டியிருக்கும். அடுத்த படகு அந்தப் படகோடு கட்டியிருக்கும். அப்படியே கடல் வரைக்கும் ஒரு வரிசை. வரிசையின் கடைசியில் கிடந்த படகின் பெயர் லூர்து செல்வி. அவளுக்கு ஒரு பக்கம் பக்கத்துப் படகு, மறுபக்கம் திறந்த கடல். அவளைப் பக்கத்துப் படகோடு சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு தடித்த பழைய வடம்.

ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். படகில் இருந்த சாமான்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டும் ஏசிக்கொண்டும் கிடந்தன.

சண்டையை ஆரம்பித்தவை டயர்கள். இரண்டு படகுகளும் உரசாமல் இருக்க நடுவில் தொங்கவிட்ட பழைய லாரி டயர்கள் அவை.

“ஒவ்வொரு அலைக்கும் நம்ம நெஞ்சுலதான் இடி. பக்கத்துப் படகுக்காரன் ஒரு டயராவது தொங்கவிட்டிருக்கானா? அவனுக்கும் நாமதான் மெத்தை. வடத்த அறுத்துவிடுங்க வே. நங்கூரத்தப் போட்டுட்டுத் தனியா நிப்போம்” என்றது முன்பக்கத்து டயர்.

“தனியா நின்னு என்ன செய்யப் போற? குடிதண்ணி பக்கத்துப் படகு வழியாத்தான் வருது. சின்னக் காத்துக்கே ஆடுற படகு இது” என்றது அடுப்பு.

“உனக்கென்ன, நடுவுல உக்காந்து குளிர் காயுத. வெளிய வந்து தொங்கிப் பாரு, தெரியும்.”

வலை, டயர்களின் பக்கம் சேர்ந்தது. ஐஸ்பெட்டி அடுப்பின் பக்கம் சேர்ந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த வாளிகள்கூட ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திவிட்டன.

படகுக்கு எது நல்லது என்று முடிவு செய்கிற வேலை எப்போதும் சுக்கான் அறைக்கு உரியது. அங்கே சுக்கானும் திசைகாட்டியும் ஊதுகொம்பும் இருந்தன. இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கத்தின் வசவு வரும் என்று அவற்றுக்குத் தெரியும். அதனால் சுக்கான் ஒரு வழி கண்டுபிடித்தது. நேராக வடத்திடம் வந்தது.

“அண்ணாச்சி, எல்லார்கிட்டயும் கேட்டுரலாம்னு இருக்கோம். ஆனா வெட்டு விழப்போறது உம்ம கழுத்துல. நீரு சம்மதிச்சாத்தான் கேக்க முடியும்.”

லூர்து செல்வியில் பொது விஷயத்தைக் கேட்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கமும் வேண்டாம் என்பவர்கள் மறுபக்கமும் போய்ச் சாய வேண்டும். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் முடிவு. சுக்கான் அறையில் தொங்கும் விளக்கு எந்தப் பக்கம் விலகி நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

வடம் இறுக்கிப் பிடித்திருந்தால் படகு சாயவே சாயாது. அதனால் தளர்ந்து கொடுக்கச் சொல்லி வடத்திடமே கேட்க வேண்டியிருந்தது.



“நான் இருக்கணும்னுதான் சாய்வேன்” என்றது வடம்.

“சாயும். உம்ம இஷ்டம்.”

“ஜெயிச்சா இருப்பேன். தோத்தா கத்திக்குக் கழுத்தக் குடுப்பேன். ஆனா கேட்டுட்டு சும்மா இருந்துரக் கூடாது.”

“என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லிட்டீரு? விளக்கு எந்தப் பக்கம் நிக்கோ, அதச் செய்வோம். எங்களுக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டாலும் செய்வோம். இது சுக்கான் வாக்கு” என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஊதுகொம்பை வைத்து அதையே ஊதவும் செய்தது.

மறுநாள் வடம் தளர்ந்து கொடுத்தது. அது இருக்கட்டும் என்பவர்கள் கரைப் பக்கம், அறுக்கட்டும் என்பவர்கள் கடல் பக்கம். தன்னுடைய சொந்தப் பாரத்தை மட்டும் கரைப் பக்கம் வைத்தது. ஓர் இழைகூட இழுத்துப் பிடிக்கவில்லை.

டயர்கள் பக்கப் பலகையைத் தாண்டி ஏறி, கடல் பக்கம் போய் விழுந்தன. வலை உருண்டு போனது. அடுப்பும் ஐஸ்பெட்டியும் கரைப் பக்கம் நகர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. வாளிகள் பிரிந்து, பாதி இங்கே, பாதி அங்கே. படகு இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு நின்றது.

விளக்கு ஒரு விரல்கடை கடல் பக்கம் விலகி நின்றது.

ஜெயித்த டயர்களுக்கே நம்ப முடியவில்லை. திசைகாட்டியின் முள் வடக்கு எது என்று தெரியாததுபோல ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

“அறுக்கணும்னு வந்துட்டு” என்றது வடம். முதலில் பேசியது அதுதான்.

அன்று மாலை வடம் தன் முடிச்சுகளைத் தானே இளக்கி வைத்தது. பக்கத்துப் படகில் தான் சுற்றிக் கிடந்த இரும்புக் கட்டையிடம் சொல்லிக்கொண்டது.

“இத்தனை காலம் தேய்ச்சுத் தேய்ச்சு உம்ம பெயின்ட்டெல்லாம் போக்கிட்டேன். மனசுல வச்சுக்காதீரும்.”

“போயிட்டு வாரும்” என்றது இரும்புக் கட்டை. வேறு என்ன சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை.

பிறகு வடம் கத்தியைக் கூப்பிட்டது. “நல்லாத் தீட்டிக்க தம்பி. ஒரே வெட்டா இருக்கட்டும்.”

கத்தி தீட்டிக்கொண்டு சுக்கான் அறை வாசலில் போய் உத்தரவுக்குக் காத்திருந்தது.

உத்தரவு வரவில்லை.

உள்ளே பேச்சு மட்டும் கேட்டது. “அறுக்கணும்னு சொன்னாங்க, சரி. எந்த இடத்துல அறுக்கணும்னு சொல்லலையே” என்றது திசைகாட்டி. அடுத்த நாள் “கொஞ்சம் அறுத்துப் பாப்போமா” என்றது ஊதுகொம்பு. அதற்கடுத்த நாள் “நீளமா விட்டுட்டா அறுத்த மாதிரிதானே” என்றது சுக்கான். நடுவில் ஒருநாள் சுக்கான் அறை கத்தியை அனுப்பியது. கத்தி வடத்தின் மேல் இறங்கிப் பாதி இழைகளை அறுத்தபோது, “நிறுத்து, நிறுத்து” என்று ஊதுகொம்பு ஊதியது. கத்தி பாதியில் நின்றது. அதற்கே வெட்கமாக இருந்தது.

“மன்னிக்கணும் அண்ணாச்சி. ஒரே வெட்டுனுதான் வந்தேன்.”

“உன்னைச் சொல்லி என்ன” என்றது வடம்.

கடைசியில் சுக்கான் வெளியே வந்தது. தொண்டையைச் செருமியது.

“எல்லாரும் கேளுங்க. உங்க கருத்தக் கேட்டோம். கருத்துத்தான் கேட்டோம். ஆனா படகக் காப்பாத்துற பொறுப்பு எங்களோடது. வடக்க பாறை இருக்குன்னு திசைகாட்டி சொல்லுது. நங்கூரம் பிடிக்குமான்னு சந்தேகமா இருக்கு. அதனால வடம் இருக்கும். மேலும், அன்னைக்குக் காத்தடிச்சதுலதான் விளக்கு விலகுச்சோ என்னவோ.”

அடுப்புதான் முதலில் சிரித்தது.

“அண்ணாச்சி, பிழைச்சீரு. நாம கேட்டதே கிடைச்சுட்டு.”

வடம் சிரிக்கவில்லை. தன்னை யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல அது அசையாமல் கிடந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது.

“சுக்கானு, பாறை இருக்குறது உமக்கு எப்பத் தெரியும்?”

“பாறை எப்பவும் இருக்கத்தான செய்யுது.”

“அப்போ கேக்குறதுக்கு முன்னால சொல்லியிருக்கணும். இல்ல, கேக்காமலே நீங்க முடிவு பண்ணியிருக்கணும். நான் தளர்ந்து குடுத்தேன் வே. இழுத்துப் பிடிச்சிருந்தா இந்தப் படகு ஒரு நூல் சாஞ்சிருக்குமா?”

“அண்ணாச்சி, நீரு இருக்கணும்னுதான சாஞ்சீரு? இருக்கீருல்லா? பிறகு என்ன கோவம்?”

“நான் தோத்துட்டேன். அந்தத் தோல்வி என்னுது. அத எங்கிட்ட இருந்து பிடுங்க நீரு யாரு? அன்னைக்கு ஜெயிச்சு இருந்தேன்னா நிமிந்து இருந்திருப்பேன். இப்ப உம்ம தயவுல இருக்கேன். என் சாய்வையும் சேத்துத்தான் தூக்கிப் போட்டிருக்கீரு.”

திசைகாட்டி உள்ளிருந்தபடியே சொன்னது. “படகு முழுகிட்டா வாக்க வச்சு என்ன செய்ய?”

அதுவும் உண்மைதான் என்று வடத்துக்குத் தெரியும். அதனால் இன்னும் அதிகமாக வலித்தது.

சில நாள் கழித்துத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். வானம் கருத்தது. காற்று கரையிலிருந்து வீசத் தொடங்கி லூர்து செல்வியைக் கடலுக்குள் தள்ளியது. வடத்தின் அறுபடாத இழைகள் நரம்பு நரம்பாகப் புடைத்து நின்றன.

சுக்கான் பதறியது. ஊதுகொம்பு ஊதியது. “எல்லாரும் கரைப் பக்கம் சாயுங்க. வடத்துக்குப் பாரம் குறையட்டும். சீக்கிரம் சாயுங்க.”

ஒன்றும் அசையவில்லை.

சுக்கான் விளக்கைப் பார்த்தது. அவ்வளவு பெரிய காற்றிலும் விளக்கு நட்டுவைத்ததுபோல நடுவில் நின்றது. கரைப் பக்கமும் இல்லை, கடல் பக்கமும் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் சுக்கானுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

“டயரு, உன்னத்தான். சாயப்பா.”

“கருத்துத்தான கேக்கீரு? யோசிச்சுச் சொல்லுதேன்” என்றது டயர்.

“அடுப்பு, தங்கச்சி, நீயாவது.”

அடுப்பு நகரப் பார்த்தது. கால் வரவில்லை. தான் சாய்ந்து என்ன ஆகப்போகிறது என்று அதற்கும் தோன்றிவிட்டது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைத்து அது அதிர்ந்துபோய் நின்றது.

வடம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே, பாதிக் கழுத்தோடு, தன்னால் முடிந்தவரை பிடித்தது. பிறகு ஒரு பெரிய அலை வந்தது. வடம் அறுந்தது.

லூர்து செல்வி கடலுக்குள் போனாள். சுக்கான் அறை நங்கூரத்தைப் போட்டது, அது பிடிக்கவில்லை. வடக்குப் பாறையை மயிரிழையில் தாண்டி, விடியும்போது ஒரு மணல்திட்டில் ஏறி, ஒரேயடியாகச் சரிந்து படுத்தாள். அறைக்குள் விளக்கு கடல் பக்கம் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

திசைகாட்டி அந்த விளக்கைப் பார்த்தது. அதன் குரலில் தெம்பு வந்தது.

“பாத்தீங்களா, நீங்க அன்னைக்குச் சாஞ்ச பக்கமே படகு சாஞ்சிருக்கு. வடமும் போச்சு. உங்க முடிவ நிறைவேத்தியாச்சு.”

டயர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சுக்கான் மணலில் பாதி புதைந்து கிடந்தது. பக்கத்தில் பிசிறு பிசிறாகக் கிடந்த வடத்தின் முனையிடம் தணிந்த குரலில் கேட்டது.

“அண்ணாச்சி, இனி நமக்குள்ள ஒண்ணும் இல்லல்லா? தீந்துதுல்லா?”

வடம் தன் பிசிறுகளைக் கொஞ்சம் கூட்டிச் சேர்த்துக்கொண்டது.

“நான் அறுந்தேன் வே. என்ன நீங்க வெட்டல. அந்த வெட்டு இன்னும் பாக்கி.”