விரிசலுக்குக் காரணம்

என்மேல் முதலில் பழி போட்டவன் செங்கோடன், எங்கள் இரும்பு வார்க்கும் பவுண்டரியின் மேஸ்திரி. பம்புக்கு வார்த்த சக்கரங்கள் விரிசல் விட்டபோது, "நாச்சிமுத்து ஊத்துற கை நடுங்குது" என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

முப்பது வருஷம் ஊற்றிய கை. அவன் சொன்ன பிறகு உண்மையிலேயே நடுங்கியது.

முதலாளி புது லாரிக்கு வைத்திருந்த பணத்தில் சோதனைக்கூடம் கட்டினார். அதை நடத்த மரகதவல்லி வந்தார். என் மகள் வயது. சனிக்கிழமைகளில் எங்களை உட்காரவைத்து, உடைந்த இரும்பைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற நானும் கற்றேன். எல்லோருக்கும் அவர் டீச்சர்.

ஏழு மாதம் காரணம் தேடினோம். நான் ஊற்றி, சூட்டை நோட்டில் எழுதிவைப்பேன். டீச்சர் சக்கரத்தை அறுத்துப் பார்ப்பார். ஒவ்வொரு காரணமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். என் கையை இன்னும் தள்ளவில்லை.

அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் ஆர்டர் தராவிட்டால் முதலாளி பாதி ஆட்களை நிறுத்திவிடுவார். முதல் பெயர் என்னுடையது.

வந்தவர்களில் மூத்தவர் விரிசல் விட்ட சக்கரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கறார்" என்றார் டீச்சர்.

செங்கோடன் என் காதருகே வந்தான். "அச்சு மண்ணு ஈரம்னு சொல்லு. தெரியலைன்னு வாயத் தொறந்தே, நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

டீச்சரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"தெரியலீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தெரியலீங்க. மண்ணு ஈரமில்ல, அதப் பாத்தாச்சு. சூடும் இல்ல. இப்ப இரும்புல இருக்கற கந்தகத்தப் பாத்துட்டிருக்கறோம்."

டீச்சர் அதை அப்படியே அவர்கள் மொழியில் சொன்னார். மூத்தவர் எங்கள் நோட்டைக் கேட்டு வாங்கினார். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சாயங்காலம்வரை புரட்டினார். சிரிக்கவே இல்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஆர்டர் எங்களுக்குத்தான். அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடத்தையும் எங்கள் பக்கத்திலேயே வைக்கப் போகிறார்களாம்.

டீச்சரிடம் கேட்டேன். "அவங்க போய்ப் பாத்த மத்த நாலு பவுண்டரியில எல்லாம் தெரியும்னாங்களாமா. அப்புறம் ஏனுங்க நம்மகிட்ட வர்றாங்க?"

"எல்லாம் தெரிஞ்ச எடத்துல அவங்களுக்கு என்னங்கண்ணா வேலை?"

எனக்குத் தைரியம் வந்தது.

"அப்ப செங்கோடனக் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க டீச்சர். நாச்சிமுத்து கையில தப்பில்லைன்னு."

டீச்சர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது எனக்கு இன்னும் தெரியலீங்கண்ணா."