பத்தடி மூங்கில்

பாக்கியத்தம்மாள் விடுதியின் மாடியில் மாசிலாமணி, பொன்னுரங்கம், சடையாண்டி என்று மூன்று பேர் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அன்றைக்கு அது யார் முறை என்பதில்தான் தினமும் குழப்பம்.

கீழறைக்குக் குடிவந்த ஞானசுந்தரி டீச்சர் உலகத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: காலையில் ஒரு டம்ளர் காப்பியை நிம்மதியாகக் குடிக்க வேண்டும். அவள் டம்ளரைத் தூக்கினால் போதும், மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து, அது தொண்டையில் இறங்குகிற வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். நாலாம் நாள் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவங்க இப்படியே பாத்துக்கிட்டிருந்தா நான் காலி பண்ணிடுவேம்மா."

விடுதிக்கார பாக்கியத்தம்மாள் கரண்டியோடு மாடியேறினாள். "இனிமே டீச்சரைப் பாத்தீங்கன்னா சோறு கிடையாது!"

மறுநாள் மூவரும் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு சாப்பிட வந்தார்கள். பொன்னுரங்கம் டீச்சர் தட்டிலிருந்த இட்லியைத் தின்றான். சடையாண்டி அவள் காப்பியில் கை கழுவினான்.

"பாவிகளா, அவளை விட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கடா!" என்று கத்தினாள் அம்மாள்.

மாடியில் ஆலோசனை நடந்தது.

"பத்தடி எவ்வளவு தூரம்?"

"அளந்தாத்தான் தெரியும்."

"டீச்சர் ஒரு இடத்துல நிக்க மாட்டாங்களே?"

"அப்ப நடக்க நடக்க அளக்கணும்."

"பதினோரு அடி ஆயிட்டா?"

"அதுவும் தப்புதான். சோறு போயிடும்."

கொல்லையிலிருந்து பத்தடி மூங்கில் ஒன்றை வெட்டினார்கள். அன்றிலிருந்து டீச்சர் எங்கே போனாலும் அவள் முதுகுக்குப் பின்னால் மூங்கிலின் ஒரு நுனி, மறு நுனியில் மூன்று பேர். காய்கறிக் கடைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் வந்தார்கள். "இவங்க உங்க சொந்தக்காரங்களா?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது அவளுக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை பெட்டியைக் கட்டினாள். மூவரும் குளிக்கப் போன நேரம் பார்த்து வெளியேறி, மதுரை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாள். காப்பி வாங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. அப்பாடா என்று டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

சன்னல் வழியாக மூங்கில் உள்ளே வந்து அவள் தோளைத் தொட்டது.

"பயப்படாம குடிங்க டீச்சர், நாங்க பாக்கலை" என்றான் மாசிலாமணி, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

சோப்பு நுரை வழியும் தலையோடு சடையாண்டி ஓட்டுநரிடம் கைகூப்பினான்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. மதுரை வரைக்கும் நாங்க பத்தடியிலேயே ஓடிவரணும்."