பல்லக்கின் பின்பக்கம்

முன்னொரு காலத்தில் மருதங்காட்டு நாட்டை மங்கபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கண்ணில் பட்டதை மட்டுமே நம்புவார். பல்லக்கில் போகும்போது அவர் கண்ணில் படுவது முன்னால் சுமக்கும் மூன்று பேர். அதனால் பாராட்டும் பட்டு அங்கவஸ்திரமும் அவர்களுக்கு. பல்லக்கு குலுங்கினால் திட்டு மட்டும் பின்னால் சுமக்கும் மூவருக்கு.

பின்னவர்களில் மூத்தவன் கொப்பையன். பல்லக்கு மறைப்பதால் அவனுக்குப் பாதை தெரியாது. முன்பெல்லாம் முன்னவர்கள் "பள்ளம்", "கல்லு" என்று குரல் கொடுப்பார்கள். அந்தச் சத்தத்தில் தன் பேச்சு ராஜாவின் காதில் விழவில்லை என்ற எரிச்சல், கூடவே நடந்துவரும் அரண்மனை அதிகாரி சிங்காரவேலருக்கு. கூச்சல் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். எப்படி நடந்தாலும் திட்டுதானே என்று கொப்பையனுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஏனோதானோவென்று நடந்தான்.

ஒருநாள் பல்லக்கு ஆடிய ஆட்டத்தில் ராஜாவின் தலைப்பாகை சேற்றில் விழுந்தது.

"பின்னால் வர்ற மூணு பேருக்கும் திமிர், மகாராஜா. குடும்பத்தோட நாட்டைவிட்டே துரத்துங்க," என்றார் சிங்காரவேலர்.

கொப்பையன் கைகட்டிச் சொன்னான்: "துரத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வாங்க, மகாராஜா. எங்க திமிரை உங்க கண்ணாலயே பார்த்துடலாம்."

ராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போனது. திரும்பி உட்கார்ந்தார். மேட்டில் பாரமெல்லாம் பின்னால் சரிய, கொப்பையனின் தோள் கன்றிச் சிவந்ததைப் பார்த்தார். திடீரென்று பல்லக்கு தடாலென இறங்கியது.

"என்னய்யா அது?"

"பள்ளம், மகாராஜா. எங்களுக்கும் இப்பத்தான் தெரியும்."

"முன்னால் போறவங்க ஏன் சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு ஐயா உத்தரவு."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. பல்லக்கை இறக்கச் சொன்னார். "இனி ஊருக்கு ஊர் முன்னவரும் பின்னவரும் இடம் மாறணும். பரிசு ஆறு பேருக்கும் ஒண்ணுதான். கொப்பையா, நீ முன்னால் போ. சிங்காரவேலரே, அவன் இடத்தில் நீர் தோள் கொடும். உம்ம உத்தரவு இன்னிக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும்."

பத்தடியில் அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. எதிரே ஒரு குழி. கொப்பையன் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம், உத்தரவும் அதுதான். ஆனால் பின்னால் இருப்பவன் பாடு அவனுக்குத் தெரியும்.

"குழி வருது ஐயா, இடதுகால் ஜாக்கிரதை."

சிங்காரவேலர் இரைக்க இரைக்கச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தலைப்பாகை மட்டும் அதன்பிறகு ஒருநாளும் விழவில்லை.