வாலாட்டிக் குருவி கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. மனிதர்களும் நின்று கேட்டுப் பதில் சொன்னார்கள். சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறுமாக மலையோடைக் கரையில் திரிந்த சிறு குருவிக்கு வால் நீளம்தான், ஆனால் அது ஆடாது. பாறையில் உட்கார்ந்தால் கல்லோடு கல்லாக இருக்கும். தண்ணீர்மேல் பறக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். வெயில் ஏறியதும் வடக்கே போய், மழை ஓயும்போது திரும்பி வரும்.

ஓடைக்கரையில் கெம்பியும் அவள் கணவன் மசணனும் குடிசை போட்டிருந்தார்கள். மீன் பிடிக்க மசணனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நஞ்சுப்பட்டையை இடித்துத் தண்ணீரில் கலக்குவான். மீன், குஞ்சு, நண்டு எல்லாம் மயங்கி மிதக்கும். வேண்டியதை அள்ளிக்கொள்வான், மிச்சம் அழுகிப் போகும். இப்படியே மடுக்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. அருவிக்குக் கீழே இருந்த மடுவில் மட்டும்தான் மீன் மிச்சம்.

பட்டைக் கூடையோடு இருவரும் அங்கே போன காலையில் குருவி அவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தது.

“இதையும் கலக்கிட்டா அப்புறம் என்ன தின்பீங்க?” என்று கேட்டது.

“அப்புறத்தை அப்புறம் பாத்துக்கலாம். இன்னைக்குப் பசிக்குது” என்றான் மசணன்.

கெம்பி கூடையை இறக்கி வைத்தாள். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. “வேற வழி இருந்தா சொல்லு குருவி” என்றாள்.

“மீன் எதைத் தின்னுதுன்னு பாருங்க.”

மூவரும் பார்த்திருந்தார்கள். சிறகு விரித்த ஒரு பூச்சி தண்ணீர்மேல் இறங்கியது. கீழிருந்து ஒரு வாய் வந்தது. சின்ன வட்டம் விரிந்து அடங்கியபோது பூச்சி இல்லை.

“அந்தப் பூச்சியை நீங்க செய்யணும்” என்றது குருவி.

கெம்பி முள்ளை வளைத்து, காட்டுக்கோழி இறகைச் சுற்றிக் கட்டிப் பூச்சி செய்தாள். மருள் செடியின் நாரைத் திரித்து நீளமாக நூல் செய்தாள். தூண்டில் கழி மசணன் வேலை. முதலில் வெட்டி வந்த மூங்கில் தடிமனாக இருந்தது. கெம்பி வீசிப் பார்த்து, “உலக்கை மாதிரி இருக்கு மாமா” என்றாள். அடுத்தது முதல் வீச்சிலேயே முறிந்தது. பிறகு அடி பருத்து நுனி ஒடுங்கிய ஒன்றைக் கொண்டுவந்து, அனலில் வாட்டி நேராக்கிக் கொடுத்தான். அவள் மணிக்கட்டை லேசாக அசைத்தாள். அசைவு கழி வழியே ஓடி நுனியில் துடித்தது.

“இது கை சொல்றதைக் கேக்குது” என்றாள்.

கழி கேட்டது, கைகள் கேட்கவில்லை. மசணன் மாட்டை விளாசுவதுபோல விளாசினான். இறகுப்பூச்சி மரத்தில் மாட்டியது, புதரில் மாட்டியது, ஒருமுறை அவன் காதிலேயே மாட்டியது. கெம்பி சிரித்துச் சிரித்துத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முறை வந்தபோது நூல் அவள் தலையிலேயே சுருண்டு விழுந்தது.

“பின்னால போன நூல் நீளுறதுக்கு முன்னாடியே முன்னால இழுக்கறீங்க. கொஞ்சம் பொறுக்கணும்” என்றது குருவி.

“கொஞ்சம்னா எவ்வளவு?” என்றான் மசணன்.

குருவிக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. யோசித்துவிட்டு, நடு ஓடைப் பாறையில் போய் உட்கார்ந்தது. “என் வாலைப் பாருங்க” என்றது. நூல் பின்னால் போகும்போது வாலை மேலே தூக்கியது. கொஞ்சம் பொறுத்தது. பிறகு கீழே இறக்கியது. கெம்பியின் கை வாலோடு சேர்ந்து போனது. நூல் அவளுக்குப் பின்னால் முழுக்க நீண்டு, முன்னால் வந்து, இறகுப்பூச்சி சத்தமில்லாமல் தண்ணீரில் அமர்ந்தது.

ஒரு வாய் வந்தது. கழி வளைந்தது.

அன்று ஒரு கெண்டை போதுமானதாக இருந்தது. கூடையிலிருந்த பட்டையை மசணன் தானாகவே அடுப்பில் போட்டான்.

அதற்குப் பிறகு வந்த காலைகளைக் குருவி வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. பனி விலகுமுன் இருவரும் வருவார்கள், மாறி மாறி வீசுவார்கள். பிள்ளை பிறந்தபின் அதை முதுகில் கட்டிக்கொண்டு கெம்பி வந்தாள். பிள்ளை வாலைப் பார்த்தபடியே தூங்கிப்போகும். மற்ற மடுக்களிலும் குஞ்சுமீன்கள் தென்பட ஆரம்பித்தன.

வெயில் ஏறியது. குருவி வடக்கே போகும் நாள் வந்தது.

“நீ போயிட்டா என் கை தடுமாறும்” என்றாள் கெம்பி.

“நான் எங்க இருந்தாலும் வாலை நிறுத்த மாட்டேன். நீ வீசும்போது என்னை நெனச்சுக்கோ, தப்பாது” என்றது குருவி.

சொன்னபடியே செய்தது. போன வழியெல்லாம், இறங்கிய இடமெல்லாம் ஆட்டியது. மழை ஓய்ந்து திரும்பி வந்தபோது மலைச்சரிவு இடிந்து கிடந்தது. மடு மண்ணுக்குள் போயிருந்தது. குடிசை நின்ற இடத்தில் பாறை.

கரையில் இருந்த நீர்நாயிடம் கேட்டது.

“சரிவு விழறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாங்க” என்றது நீர்நாய். “அவன் தோள்ல பிள்ளை, அவ தோள்ல கழி. எந்த ஓடைக்குப் போனாங்கன்னு தெரியலை. அவ மட்டும் திரும்பித் திரும்பி நீ உக்காந்து வாலாட்டின பாறையைப் பாத்துட்டே போனா.”

குருவி ஓடை ஓடையாகத் தேடியது. காட்டில் தேடியது, சமவெளிக்கு இறங்கி வாய்க்கால் வாய்க்காலாகத் தேடியது. அவர்கள் அகப்படவில்லை. களைத்து உட்கார்ந்தபோதும் வாலை நிறுத்த அதற்கு மனம் வரவில்லை. இந்த நேரத்தில் எங்கோ ஒரு தண்ணீரில் கெம்பி நூலைப் பின்னால் வீசியிருக்கலாம். வால் நின்றால் அவள் கை தடுமாறிவிடும்.

வாலாட்டிக் குருவியின் வால் ஓயாமல் ஆடுவது அன்று முதல்தான். மழை ஓய்ந்த நாட்களில் ஓடைப்பாறையிலோ மதகுச் சுவரிலோ வந்து உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்தபடி அது வாலை மேலே தூக்குகிறது, கொஞ்சம் பொறுக்கிறது, கீழே இறக்குகிறது.