மூன்றாவது பலகை

“டீச்சர், எப்போ நிறுத்தணும்?”

கையில் இழைப்புளியோடு கேட்டார் சவரிராயன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிதார் செய்யக் கற்றுக்கொள்ள, மகள் வயதுள்ள பிலோமினாவிடம் வந்து சேர்ந்திருந்தார்.

“எதை?”

“இழைக்கிறதைத்தான். ஒவ்வொரு சீவலுக்கும் சத்தம் கூடுது டீச்சர்! கேளுங்களேன்!”

கிதாரின் மேல்பலகையைக் காதருகே தூக்கிப் பிடித்து விரலால் தட்டினார். மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

“நல்லா இருக்கு,” என்றார் பிலோமினா.

“இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்தா இன்னும் நல்லா வரும்!”

இப்படிச் சொல்லிச் சொல்லியே இதற்கு முன் இரண்டு பலகைகளை அப்பளமாக்கியிருந்தார். இரண்டும் அவர் கையிலேயே விரிசல் விட்டன. மூன்றாவதும் போனால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று பிலோமினா சொல்லியாகிவிட்டது. அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. உள்பக்கம் தாங்குகட்டைகளை ஒட்டிய பிறகும் இழைத்துக்கொண்டேயிருந்தார். அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவருக்கு இதில் மட்டும் பிரேக் பிடிக்கவில்லை.

பிலோமினா எழுந்து போய் அடுப்பிலிருந்த வச்சிரப் பசையைக் கொண்டுவந்தார். மேல்பலகைக்காகக் காத்திருந்த கிதார்ப் பெட்டியின் விளிம்பில் சுடச்சுடத் தடவத் தொடங்கினார்.

“ஐயோ, என்ன பண்றீங்க! அது உடனே இறுகிடுமே!”

“ஆமா, இறுகிடும்.”

“பலகை இன்னும் முடியலையே டீச்சர்!”

“முடியலையா? அப்போ இழைங்க.”

விளிம்பு முழுக்கத் தடவி முடித்தார். ஆவி பறந்தது.

சவரிராயன் பலகையைப் பார்த்தார். பசையைப் பார்த்தார்.

“அட, போங்க டீச்சர்!”

இழைப்புளியைக் கீழே போட்டார். பலகையைப் பெட்டியின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

“கயிறு! கயிறு எடுங்க, சீக்கிரம்!”

ஆளுக்கொரு பக்கம் நின்று சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

மறுநாள் காலை கயிற்றை அவிழ்த்தார்கள். சவரிராயன் பயந்துகொண்டே ஒற்றை விரலால் தட்டினார்.

பெட்டி முழுக்க அதிர்ந்து முழங்கியது.

அவர் துள்ளி எழுந்தார். மறுபடி தட்டினார். இன்னொரு தரம் தட்டினார். கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

“டீச்சர், இது நான் கேட்ட சத்தமே இல்லை! பலகையைத் தட்டினப்போ ஒரு தடவைகூட இப்படி வரலையே! இவ்வளவு நாளா இது எங்கே இருந்துச்சு?”

“பெட்டியை நீங்க எங்கே மூட விட்டீங்க?” என்றார் பிலோமினா.